முடியாத கேமுக்கு மார்க் போடலாமா? ஜிடிஏ 6 லீக்கும் ரசிகர்களின் அவசரத் தீர்ப்பும்

2022 செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. உலகம் முழுக்க கேம் ரசிகர்களின் போனில் ஒரே விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் பூட்டி வைத்து உருவாக்கிக்கொண்டிருந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’, சுருக்கமாக ஜிடிஏ 6, கேமின் 90 வீடியோக்கள் இணையத்தில் கசிந்திருந்தன. ஜிடிஏ 5 வெளியானது 2013-ல். ஒன்பது வருஷமாக அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு, கூப்பிடாமலே விருந்து வந்த மாதிரி இருந்தது.

முதலில் குஷி. ஒரு பெண் கதாபாத்திரம் ஹோட்டலில் கொள்ளையடிக்கிறார், பழைய ‘வைஸ் சிட்டி’ திரும்ப வருகிறது என்று ஆளாளுக்கு ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு மாறியது. “கிராஃபிக்ஸ் மொக்கையா இருக்கே”, “இதுக்கா இத்தனை வருஷம்?” என்கிற ரீதியில் பதிவுகள் குவிய ஆரம்பித்தன.

அந்த வீடியோக்களில் இருந்தது கேம் இல்லை, கேம் ஆகப்போகிற ஒன்று. திரையில் ஓரத்தில் கோடிங் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. சில இடங்களில் சுவருக்குப் பெயின்டே இல்லை. முடிக்காத வேலையைப் பார்த்து ரசிகர்கள் தீர்ப்பு சொல்வது சரியா? சொன்னால் அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? பெங்களூருவில் கேம் செய்யும் நம்ம ஆட்களுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

லீக் எப்படி நடந்தது?

மறுநாள், செப்டம்பர் 19 அன்று ராக்ஸ்டார் அறிக்கை விட்டது. தங்கள் நெட்வொர்க்குக்குள் ஒருவர் அத்துமீறி நுழைந்ததையும், வெளியானவை உண்மையான வீடியோக்கள்தான் என்பதையும் ஒப்புக்கொண்டது. அடுத்த கேமை ரசிகர்கள் இப்படிப் பார்க்க நேர்ந்தது பெரிய ஏமாற்றம் என்றும், வேலை திட்டமிட்டபடி தொடரும் என்றும் சொன்னது.

நுழைந்தவர் யார் என்பது பின்னர் பிரிட்டன் நீதிமன்றத்தில் வெளிவந்தது. ‘லாப்சஸ்’ என்ற ஹேக்கர் குழுவைச் சேர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர் ஒருவர். அப்போது அவர் வேறு ஹேக்கிங் வழக்கில் ஜாமீனில் இருந்தார். லேப்டாப்பை போலீஸ் எடுத்துக்கொண்டிருந்தது. தங்கியிருந்த ஹோட்டல் அறையின் டிவி, ஒரு அமேசான் ஃபயர் ஸ்டிக், ஒரு மொபைல் போன், இவ்வளவையும் வைத்துத்தான் உள்ளே புகுந்தார் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2023 டிசம்பரில், 18 வயதான அவரைக் காலவரையறை இல்லாமல் மருத்துவமனைக் காவலில் வைக்க உத்தரவிடப்பட்டது.

இந்தச் சம்பவத்திலிருந்து மீள 50 லட்சம் டாலர் செலவானது என்று ராக்ஸ்டார் தெரிவித்ததாக நீதிமன்றத்தில் கூறப்பட்டது. நம்ம கணக்கில் 40 கோடி ரூபாய்க்கு மேல். ஊழியர்களின் ஆயிரக்கணக்கான மணி நேர உழைப்பு தனி.

‘கிராஃபிக்ஸ்தான் முதலில் முடியும்’ - வைரலான வாதம்

லீக்கைப் பற்றிய சண்டை உச்சத்தில் இருந்தபோது ட்விட்டரில் ஒரு வாதம் வைரலானது. ‘ஒரு கேமில் முதலில் முடிகிற வேலையே கிராஃபிக்ஸ்தான். அதனால் இப்போ பார்ப்பதுதான் கடைசியிலும் வரும்’ என்பது அதன் சாரம்.

கேம் உருவாக்குபவர்கள் இதற்குக் கோபப்படவில்லை, கலாய்த்தார்கள். தங்கள் பழைய வீடியோக்களை எடுத்து வெளியே போட்டார்கள். ‘கன்ட்ரோல்’ கேமின் டிசைனர்களில் ஒருவரான பால் எரெத், அந்த கேமின் ஆரம்பக்கட்டக் காட்சியைப் பகிர்ந்தார். வெறும் பெட்டிகள், உருவம் சரியாக வராத எதிரிகள். அதே கேம்தான் 2019-ல் ‘தி கேம் அவார்ட்ஸ்’ நிகழ்ச்சியில் சிறந்த ஆர்ட் டைரக்‌ஷனுக்கான விருதை வாங்கியது. ‘அன்சார்டெட் 4’ குழுவில் இருந்த கர்ட் மார்கெனோவும் தன் பங்குக்கு ஆரம்பகால வீடியோவைப் போட்டார். ஊரே பெட்டி பெட்டியாக இருக்கும், அதற்குள் ஒரு வண்டி ஓடும்.

கசிந்த வீடியோவைப் பார்த்துக் கிண்டல் செய்த அதே ரசிகர்களுக்கு, அந்த வாரம் இலவசமாக ஒரு கேம் டிசைன் பாடமும் கிடைத்தது.

கிராஃபிக்ஸ் ஏன் கடைசியில் வருகிறது?

சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். தறியில் பாவு மட்டும் ஏறியிருக்கும்போது பார்த்தால் நூல்தான் தெரியும். ஊடை ஓடி, பார்டர் விழுந்து, முந்தி வந்த பிறகுதான் சேலை. பாவைப் பார்த்துவிட்டு “முந்தி எங்கே?” என்று யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் அந்த ஊரில் சேலை எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கேம் எப்படி வருகிறது என்பதுதான் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

பொதுவாக ஒரு பெரிய கேம் இந்தக் கட்டங்களைத் தாண்டி வருகிறது:

• ப்ரோட்டோடைப்: ஒரே ஒரு ஐடியாவைச் சோதிப்பது. குதித்தால் நன்றாக இருக்கிறதா? கார் திரும்பும்போது பிடிமானம் சரியா? இங்கே ஹீரோ ஒரு உருளையாகக்கூட இருக்கலாம்.

• கிரேபாக்ஸ்: தெரு, கட்டிடம், மாடிப்படி எல்லாம் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகள். இந்தச் சந்துக்குள் கார் நுழையுமா, போலீஸ் துரத்தும்போது ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

• வெர்ட்டிகல் ஸ்லைஸ்: முழு கேமிலிருந்து ஒரு சின்னத் துண்டை மட்டும் கடைசித் தரத்துக்கு முடித்துப் பார்ப்பது. முதலீட்டாளருக்கும் நிர்வாகத்துக்கும் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

• ஆல்ஃபா, பீட்டா: எல்லா வசதிகளும் உள்ளே வந்திருக்கும், ஆனால் பிழைகள் நிறைய இருக்கும். பிறகு அவற்றைக் களைவது, லைட்டிங் சரிசெய்வது, கன்சோலில் திணறாமல் ஓட வைப்பது.

ஏன் இந்த வரிசை? காசுதான் காரணம். ஒரு தெருவை நிஜத் தெரு போலவே செய்ய ஆர்ட்டிஸ்ட்டுகள் வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். சுவரின் வெடிப்பு, கடையின் போர்டு, மழைத் தண்ணீரில் விழும் டியூப்லைட் வெளிச்சம் என்று எல்லாவற்றையும் முடித்த பிறகு, “இந்தத் தெருவில் கார் சேஸ் எடுபடலை, இன்னும் அகலம் வேணும்” என்று டிசைனர் சொன்னால்? அத்தனையும் குப்பைக்குப் போகும். பெட்டியாக இருக்கும்போது மாற்றுவது ஒரு மதிய நேர வேலை.

லைட்டிங்கும் அப்படித்தான். கண்ணுக்கு ‘செம கிராஃபிக்ஸ்’ என்று தோன்ற வைப்பதில் பெரும்பங்கு அதற்கு உண்டு. ஆனால் பொருட்கள் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்த பிறகே அதைக் கடைசியாகச் சரிசெய்ய முடியும். அதனால்தான் பாதி வழியில் எடுத்த வீடியோ எப்போதும் தட்டையாக, வெளிறிப்போய்த் தெரிகிறது.

அப்போ ரசிகர்கள் சொன்னது முழுக்கத் தப்பா?

இல்லை. ரசிகர்களுக்கு இந்தக் குழப்பம் வந்ததில் கேம் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. வருஷக்கணக்கில் அவர்கள் நமக்குக் காட்டியது மெருகேற்றிய துண்டுகளைத்தான். பெட்டிகளை யாரும் காட்டியதில்லை. பார்க்காத ஒன்றை ரசிகர் எப்படிப் புரிந்துகொள்வார்?

சில நேரம் அந்த மெருகே பொய்யாகவும் போயிருக்கிறது. 2012-ல் ‘வாட்ச் டாக்ஸ்’ கேமின் முதல் டெமோவைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். 2014-ல் கைக்கு வந்தபோது, டெமோவில் இருந்த பளபளப்பு இல்லை என்று பெரிய சண்டையே நடந்தது. ‘சைபர்பங்க் 2077’ 2020 டிசம்பர் 10 அன்று வெளியானபோது பழைய கன்சோல்களில் விளையாடவே முடியாத நிலை. ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் ஸ்டோரிலிருந்து அதைத் தூக்கியது. மறுபடி அது ஸ்டோருக்கு வர 2021 ஜூன் ஆனது.

ரசிகர்கள் குரல் கொடுத்து வேலை நல்லபடியாக முடிந்த கதைகளும் உண்டு. 2020 ஜூலையில் ‘ஹேலோ இன்ஃபினிட்’ கேமின் டெமோவை மைக்ரோசாஃப்ட் காட்டியது. அதில் உணர்ச்சியே இல்லாமல் வெறித்துப் பார்த்த ஒரு எதிரியின் முகத்துக்கு ரசிகர்கள் ‘கிரெய்க்’ என்று பெயர் வைத்து மீம் போட்டுத் தள்ளினார்கள். அந்த வருஷக் கடைசியில் புது எக்ஸ்பாக்ஸோடு சேர்ந்து வர வேண்டிய கேம் தள்ளிப்போனது. 2021 டிசம்பர் 8 அன்று நல்ல மாற்றங்களோடு வந்தது.

சினிமாவிலும் பார்த்தோம். 2019 ஏப்ரலில் வந்த ‘சோனிக்’ பட டிரெய்லரில் அந்த நீல முள்ளெலியின் பல்லைப் பார்த்து ரசிகர்கள் அலறினார்கள். சில நாட்களிலேயே உருவத்தை மாற்றுவதாக இயக்குநர் அறிவித்தார், படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. நம் பக்கம் 2022 அக்டோபரில் ‘ஆதிபுருஷ்’ டீசரின் வி.எஃப்.எக்ஸ் கிண்டலுக்கு ஆளானது. 2023 ஜனவரியில் வர வேண்டிய படம் ஜூன் 16-க்குப் போனது. வந்த பிறகும் கிண்டல் நிற்கவில்லை என்பது வேறு கதை.

இந்த உதாரணங்களுக்கும் ஜிடிஏ 6 லீக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஹேலோ, சோனிக், ஆதிபுருஷ் மூன்றையும் மேடை போட்டுக் காட்டியது நிறுவனமேதான். ‘இதைப் பார், வந்து வாங்கு’ என்று அவர்களே அழைத்தார்கள். அழைத்தவரிடம் குறை சொல்ல நமக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஜிடிஏ 6 வீடியோக்களை யாரும் காட்டவில்லை. அவை திருடப்பட்டவை.

விமர்சனம் வசையாகும்போது

ராக்ஸ்டார் அறிக்கை விட்ட அதே 2022 செப்டம்பர் 19 அன்று இன்னொரு கேமும் வெளியானது: ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’. 1990-ல் தொடங்கிய, இன்றும் உயிரோடு கொண்டாடப்படும் ஒரு தொடரின் அடுத்த பாகம். முதல் இரண்டு பாகங்களை உருவாக்கிய ரான் கில்பர்ட்டே திரும்பி வந்து செய்தது. ரசிகர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த வருஷம் முதல் காட்சிகள் வெளியானபோது, ஆர்ட் ஸ்டைல் பழைய மாதிரி இல்லை என்று ஒரு கூட்டம் பொங்கியது. விமர்சனம் மெல்ல மெல்லத் தனிநபர் தாக்குதலாக மாறியது. கேமைப் பற்றி இனி எதுவும் பகிரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு கில்பர்ட் ஒதுங்கினார். உருவாக்கும் கதையைக் கேட்க ஆசையாகக் காத்திருந்த மற்ற ரசிகர்களுக்கு அதோடு கதவு மூடியது. பிறகு கேம் வந்தது, விமர்சகர்களிடம் நல்ல பெயரும் வாங்கியது. இழந்தது அந்த நடுவில் நடந்திருக்க வேண்டிய உரையாடல்.

இதுதான் உண்மையான நஷ்டம். முடியாத வேலையைக் காட்டினால் அடி விழும் என்று தெரிந்தால் யார் காட்டுவார்கள்? முழுசாக மூடி வைப்பார்கள், கடைசியில் மெருகேற்றிய டிரெய்லரை மட்டும் விடுவார்கள். அந்த டிரெய்லருக்கும் கையில் வரும் கேமுக்கும் இடைவெளி இருந்தால் ஏமாறுவதும் நாம்தான்.

பயமில்லாமல் காட்டியவர்களும் இருக்கிறார்கள். இஏ நிறுவனத்தின் ‘ஸ்கேட்’ குழு 2022-ல் ‘இன்னும் வேலை நடக்குது’ என்கிற தொனியில் தன் அரைகுறைக் காட்சிகளைத் தானே வெளியிட்டது. ரசிகர்களைக் கூப்பிட்டுச் சோதித்தும் பார்த்தது. இது ஆரம்பக் கட்டம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டதால், பேச்சு கிராஃபிக்ஸைத் தாண்டி ஸ்கேட்போர்டு எப்படி நகர்கிறது என்பதற்குப் போனது. 2025 செப்டம்பரில் அந்த கேம் ஏர்லி ஆக்சஸில் வந்தபோது கலவையான விமர்சனங்களே கிடைத்தன. திறந்து காட்டினால் கேம் சூப்பராக வந்துவிடும் என்று அர்த்தமில்லை. எதை வாங்குகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான்.

இதில் நமக்கு என்ன?

“லீக் ஆனது அமெரிக்கக் கம்பெனி கேம், நமக்கென்ன?” என்று கேட்கலாம். ராக்ஸ்டாருக்கு பெங்களூருவிலும் ஸ்டுடியோ இருக்கிறது. 1997-ல் தொடங்கப்பட்ட, இந்தியாவின் முன்னோடி கேம் நிறுவனமான ‘த்ருவா இன்டராக்டிவ்’வை 2019-ல் சுமார் 79 லட்சம் டாலருக்கு வாங்கி, அந்தக் குழுவையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. உலகம் விளையாடும் கேம்களில் கார், கட்டிடம், மரம் என்று ஏதோ ஒன்றை நம் ஊர்ப் பிள்ளைகள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நாம் ‘மொக்கை’ என்று கமென்ட் போடும் அந்தச் சுவர் யாரோ ஒருவரின் பாதி முடிந்த வேலை. அதைப் பாதியில் காட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையும் அவருக்குக் கிடைக்கவில்லை.

லீக்கின் எதிரொலி வேலைச் சூழலிலும் கேட்டது. 2024 ஏப்ரல் முதல் வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸ் வர வேண்டும் என்று ராக்ஸ்டார் தன் ஊழியர்களுக்குச் சொன்னது. வேலைத்திறனோடு பாதுகாப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பிரிட்டனில் தொழிற்சங்கம் எதிர்ப்பு தெரிவித்தது. வீடியோ பார்த்தவர்களுக்கு அது ஒரு நாள் கூத்து. உள்ளே இருந்தவர்களுக்கு வாழ்க்கை முறையே மாறியது.

இந்திய ஸ்டுடியோக்களின் நிலை இன்னும் சிக்கல். ராக்ஸ்டாருக்குப் பணம் இருக்கிறது, வருஷக்கணக்கில் மூடி வைத்து வேலை பார்க்கலாம். ஜிடிஏ 5 மட்டும் 20 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. சின்ன ஸ்டுடியோவுக்கு அந்த வசதி கிடையாது. நிதி கிடைக்க வேண்டும் என்றாலே முடியாத வேலையை வெளியில் காட்டித்தான் ஆக வேண்டும்.

புனேவைச் சேர்ந்த ‘நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். நம் புராணங்களை வைத்து ‘ராஜி’ என்ற கேமைச் செய்தார்கள். டெமோவைக் காட்டி 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் நிதி கேட்டார்கள், இலக்கை எட்ட முடியவில்லை. விடாமல் முடித்து 2020-ல் வெளியிட்டார்கள். உலக அளவில் பேசப்பட்ட முதல் சில இந்திய கேம்களில் அதுவும் ஒன்றானது. இப்போது அதன் அடுத்த பாகம், ‘ராஜி: கலியுகா’, 2025-ல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த மாதிரி ஒரு குழுவின் ஆரம்பக் காட்சியை, ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யும் ஒரு கேமின் கடைசி டிரெய்லரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து “இந்தியன் கேம்னாலே இப்படித்தான்” என்று சொல்வது எளிது. ஆனால் அந்த வரியைப் படிக்கும் முதலீட்டாளர் இன்னொரு முறை யோசிப்பார்.

சங்கரன்கோவிலிலோ கோவில்பட்டியிலோ உட்கார்ந்து, யூடியூப் பார்த்து ப்ளெண்டரும் அன்ரியல் எஞ்சினும் கற்றுக்கொள்ளும் ஒருவரும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் செய்யும் முதல் வேலை எப்படியும் சாம்பல் நிறப் பெட்டியாகத்தான் இருக்கும். அதை வெளியே காட்டினால்தான் யாராவது திருத்துவார்கள். காட்டவே கூச்சப்படும் சூழலை நாம் உண்டாக்கினால், பலர் அந்தப் பெட்டியோடு நின்றுவிடுவார்கள்.

அடுத்த லீக் வரும்போது: மூன்று கேள்விகள்

ஜிடிஏ 6-ஓடு லீக் கதை முடியவில்லை. 2023 டிசம்பரில் இன்சோம்னியாக் ஸ்டுடியோவின் ‘வுல்வரின்’ கேமும் இதேபோல ஹேக்கர்களிடம் சிக்கிக் கசிந்தது. இனியும் நடக்கும். அடுத்த முறை போனில் ஒரு அரைகுறைக் காட்சி வந்து விழுந்தால் இதை மட்டும் யோசித்தால் போதும்.

ஒன்று, காட்டியது யார்? திருடப்பட்டது என்றால் அதை வைத்துத் தரத்தை எடை போட முடியாது. நிறுவனமே காட்டியது என்றால் தாராளமாகப் பேசலாம்.

இரண்டு, எந்தக் கட்டம்? ப்ரோட்டோடைப் என்றால் பார்க்க வேண்டியது அசைவு, ஐடியா, ஆட்டம். வெளிச்சமும் சுவரும் பிறகு வரும். ரிலீஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அதே குறை தெரிந்தால் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

மூன்று, காசு கேட்டுவிட்டார்களா? ப்ரீ-ஆர்டர் திறந்துவிட்டால் நாம் வாடிக்கையாளர். அப்போது ‘இன்னும் வேலை நடக்கிறது’ என்பது சமாளிப்பு ஆகிவிடும். விளையாடும் காட்சியைக் காட்டாத கேமுக்கு முன்பணம் கட்டாமல் இருப்பது எந்தக் கமென்ட்டையும்விட வலுவான விமர்சனம்.

பின்குறிப்பாக ஜிடிஏ 6 நிலவரம்

லீக் நடந்து ஒரு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் அதன் முதல் டிரெய்லர் வந்தது. 24 மணி நேரத்தில் யூடியூபில் 9 கோடிக்கும் அதிகமான முறை பார்க்கப்பட்டது. கிராஃபிக்ஸ் மொக்கை என்ற பேச்சு அன்றோடு அடங்கியது. 2025 மே மாதம் வந்த இரண்டாவது டிரெய்லர் பிஎஸ்5 கன்சோலில் பதிவானது என்று ராக்ஸ்டார் சொன்னபோது, சண்டை தலைகீழானது. ‘இவ்வளவு நல்லா இருக்க வாய்ப்பே இல்லை’ என்று பலர் நம்ப மறுத்தார்கள்.

முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் மறுபடி தள்ளிவைத்து, 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். மெருகேற்ற இன்னும் நேரம் தேவை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். 2022-ல் பெயின்ட் அடிக்காத சுவரைப் பார்த்துச் சிரித்தோம் அல்லவா? இந்தக் கூடுதல் மாதங்கள் எல்லாம் அந்தப் பெயின்ட் வேலைக்குத்தான்.